மூன்று நாள் மாசாய் மாரா பேக்கேஜ்: எதற்குக் கொடுக்கலாம், எதை மாற்றச் சொல்ல வேண்டும்

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போக நைரோபியில் எந்த டூர் ஏஜென்சியில் விசாரித்தாலும் முதலில் நீட்டுவது இதைத்தான்: மூன்று பகல், இரண்டு இரவு, போக வர வண்டி, கூடாரத்தில் தங்கல், சாப்பாடு, காட்டுக்குள் மூன்று நான்கு சுற்று, கூடவே மாடு மேய்க்கும் மாசாய் இன மக்களின் கிராமம் ஒன்று. காட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 1,510 சதுர கிலோமீட்டர் பரந்த அந்தப் புல்வெளியில் இரண்டு நாள் சுற்றிவிட்டு சிங்கத்தைப் பார்க்காமல் திரும்புவதுதான் அபூர்வம். குறையெல்லாம் நேரத்தை அடுக்கியிருக்கும் விதத்தில்தான்.

நுழைவுக் கட்டணத்திலிருந்து தொடங்கலாம். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 2024-ல் வந்த இந்த விலையோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்து வந்தது: சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரை மட்டுமே செல்லும். வழக்கமான பேக்கேஜில் முதல் நாள் மதியம் வந்து, சாப்பிட்டு, நாலு மணிக்குக் காட்டுக்குள் நுழைகிறார்கள். ஆறு மணிக்கு வெளியே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் சீட்டு. மூன்றாம் நாள் காலையில் இரண்டு மணி நேரம், அதற்கும் ஒரு சீட்டு. வாசலுக்கு வெளியே தங்குகிறவருக்குச் சீசனில் இப்படி 600 டாலர் போகிறது. ஜூலைக்குப் பிறகு 'மூன்று நாள், எல்லாம் சேர்த்து 450 டாலர்' என்று யாராவது சொன்னால், அந்த 'எல்லாம்' என்பதில் நுழைவுச் சீட்டு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

செகெனானி, தாலெக் வாசல்களுக்கு வெளியே தங்குவதாக இருந்தால் முதல் நாள் காட்டுக்குள் போகவே வேண்டாம். இரண்டாம் நாள் ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது நுழைந்து, மதியச் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு, மாலை வரை உள்ளேயே இருங்கள். மூன்றாம் நாள் விடியற்காலை ஒரு சுற்று. சீட்டு இரண்டுதான், காட்டில் கிடைக்கும் நேரமும் பெரிதாகக் குறையாது. காப்பகத்துக்கு உள்ளே தங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு: கடைசி நாள் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும், தவறினால் இன்னொரு சீட்டு. மதியம் அறைக்குத் திரும்பி ஓய்வெடுக்கலாம் என்று ஓட்டுநர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிங்கம் மதியம் தூங்கும் என்பது உண்மைதான். ஆனால் சிவிங்கிப்புலி பகல் வெளிச்சத்தில் வேட்டையாடும், யானைகள் நீருக்கு இறங்கும், மற்ற வண்டிகளும் பாதி கிளம்பிப் போயிருக்கும்.

அடுத்தது வண்டி. மலிவான பேக்கேஜில் கூரை திறக்கும் ஏழு இருக்கை வேன் வரும், கொஞ்சம் கூடக் கொடுத்தால் நான்கு சக்கர உந்துதல் உள்ள லேண்ட் குரூசர். காய்ந்த மாதங்களில் வேன் போதும். மழை பெய்துவிட்டால் கதையே வேறு, ஏனென்றால் மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். சக்கரத்தைச் சுற்றி அப்பி, பள்ளத்தில் வண்டியை அப்படியே பிடித்துக்கொள்ளும். நான்கு சக்கர உந்துதல் இல்லாத வேன் ஒரு முறை புதைந்தால், இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்கும் வரை அரை நாள் போனது போனதுதான். ஏப்ரல், மே, நவம்பரில் போவதானால் லேண்ட் குரூசர் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு ஜன்னல் உண்டா, வேறு குழுவோடு சேர்ப்பார்களா என்ற இரண்டு கேள்வியையும் பணம் கட்டுமுன் கேளுங்கள். நடு இருக்கையில் மாட்டினால் மூன்று நாளும் பக்கத்து ஆளின் தோள்தான் காட்சி.

ஓட்டுநர்கள் ரேடியோவில் சுவாஹிலியில்தான் பேசிக்கொள்வார்கள். சிம்பா சிங்கம், சுயி சிறுத்தை, டூமா சிவிங்கிப்புலி, கிஃபாரு காண்டாமிருகம். இந்த நாலு சொல் தெரிந்தால் வண்டி ஏன் திடீரென்று திரும்புகிறது என்று புரியும். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, தடத்தை விட்டு இறங்கக் கூடாது, 25 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. சீசனில் இந்த விதி காற்றில் பறக்கிறது. 'இன்னும் கிட்டே போங்கள்' என்று பின்னாலிருந்து வரும் குரலும் அதற்குக் காரணம். அபராதம் விழுந்தால் மாட்டுவது ஓட்டுநர்.

மாரா ஆற்றை வில்டபீஸ்ட் (மாட்டுச் சாயல் கொண்ட மான் இனம்) கூட்டம் கடக்கும் காட்சிக்காகவே ஜூலை முதல் அக்டோபர் வரை உலகமே இங்கே வருகிறது. பத்து லட்சத்தைத் தாண்டும் வில்டபீஸ்ட், கூடவே வரிக்குதிரைகள். ஆனால் இந்த நாள், இந்த மணி என்று யாராலும் சொல்ல முடியாது. கரையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டுக் கூட்டம் அப்படியே திரும்பிப் போவதுண்டு. பல நேரம் இறங்கும் வழியை வண்டிகள் மறித்துக்கொள்வதே அதற்குக் காரணம். முதல் விலங்கு நீரில் கால் வைக்கும் வரை கரையை விட்டுத் தள்ளி நிற்கும் ஓட்டுநர்தான் நல்ல ஓட்டுநர். இதற்கென்று போகிறவர்களுக்கு மூன்று நாள் போதாது, ஐந்து நாளாவது வேண்டும். பலூன் சவாரி தனிச் செலவு, ஒரு மணி நேரத்துக்கு 500 டாலரை ஒட்டி வரும். அந்தப் பணத்துக்குக் காட்டில் இன்னொரு நாள் இருப்பது மேல்.

பேக்கேஜில் மிகவும் சொதப்புவது கிராமப் பகுதி. பத்து மணிக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருக்கும், கிராமம் பாதி காலி. வரவேற்புப் பாட்டு, இளைஞர்கள் நின்ற இடத்திலேயே குதிக்கும் அதுமு, குச்சியைக் கடைந்து தீ உண்டாக்குதல், ஒரு வீட்டுக்குள் ஐந்து நிமிடம், பிறகு நேரே கடைவரிசை. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இதற்கு ஆளுக்கு 20 முதல் 30 டாலர். ஓட்டுநர் கையில் கொடுத்தால் கிராமத்துக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது அவர் மனசைப் பொறுத்தது. அங்கே பெரியவரிடம் நேரடியாகக் கொடுங்கள். படம் எடுப்பதும் அதில் அடக்கமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

இதே கிராமத்துக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்குப் போனால் வேறு இடம் போலிருக்கும். மணியோசையோடு மாடுகள் திரும்பும், முள்வேலிக்குள் நடுப்பட்டியில் அடையும், பெண்கள் சுரைக்குடுக்கையோடு பால் கறக்க உட்காருவார்கள். அந்தக் குடுக்கையை ஒலொய்ரியென் என்ற காட்டு ஆலிவ் மரத்தின் கொள்ளியால் உள்ளே தீய்த்துச் சுத்தம் செய்கிறார்கள். பாலில் வரும் புகைவாசம் அதனால்தான். வீட்டைக் கட்டுவது பெண்கள்: கிளைகளைப் பின்னி, மண்ணும் சாணமும் சாம்பலும் குழைத்து மெழுகுவார்கள். உள்ளே குனிந்துதான் போக வேண்டும், புகை கண்ணைக் கரிக்கும், இளங்கன்றுக்கும் அங்கேயே ஒரு மூலை. சுற்றுலாக்காரர்கள் எல்லாவற்றையும் மன்யாட்டா என்பார்கள். குடும்பங்கள் வாழும் இடத்துக்கு மாசாய்களின் மா மொழியில் எங்காங் என்று பெயர், மன்யாட்டா என்பது மொரான் எனப்படும் இளம் வீரர்களின் குடியிருப்பு. சிறுவர்கள் அருகில் வந்து தலை குனிந்து நின்றால் காசு கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியவர்கள் உச்சந்தலையைத் தொட வேண்டும், அதுதான் அங்கே வணக்கம். மிட்டாய் கொண்டுபோக வேண்டாம். நன்றி சொல்ல 'ஆஷே ஒலெங்'.

கடைவரிசையில் முதலில் சொல்லும் விலை மூன்று மடங்கு இருக்கும், பேரம் பேசலாம். பேரத்துக்கு முன்வருவது ஆண், பாசிமணி கோத்தது பெண். பணத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள். கென்ய ஷில்லிங்கில் கொடுத்தால் பேரம் உங்கள் பக்கம் சாயும்.

மாசாய் வாழ்க்கையை இன்னும் அறிய விரும்புகிறவர்கள் நபோயிஷோ, ஒலாரே மொட்டொரோகி, மாரா நார்த் போன்ற, காப்பகத்தை ஒட்டிய கன்சர்வன்சிகளில் (தனிப் பாதுகாப்பு நிலங்களில்) தங்குவது நல்லது. அந்த நிலம் மாசாய் குடும்பங்களுடையது, குத்தகைப் பணம் அவர்களுக்குப் போகிறது. வழிகாட்டிகள் பலரும் அந்த ஊர்க்காரர்களே. காப்பகத்துக்குள் அனுமதியில்லாத நடைப்பயணமும் இரவுச் சுற்றும் இங்கே உண்டு. விலை அதிகம்தான்.

மூட்டை கட்டும்போது: நீலமும் கறுப்பும் வேண்டாம், கடிக்கும் செட்சி ஈக்களை அவை இழுக்கும். விடியற்காலைக் குளிருக்கு ஒரு கனமான சட்டை, 8x42 பைனாகுலர், சதுர மூன்று முள் பிளக். பிளாஸ்டிக் பை நாட்டுக்குள்ளேயே தடை, ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்குக் காப்பகத்தில் தடை. மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இந்தியா திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே போட்டுச் சான்றிதழை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

திரும்பும் நாள் விமானத்தை இரவு ஒன்பதுக்கு முன்னால் போடாதீர்கள். செகெனானியிலிருந்து நைரோபிக்கு ஐந்தாறு மணி நேரம் என்று சொல்வார்கள். வழியிலுள்ள மாய் மஹியூ ஊருக்கு மேலே மலையேற்றத்தில் ஒரு லாரி நின்றுவிட்டால் அது எட்டாகும்.