செம்புக் கம்பியில் 12 ஆண்டுகள்: என் டிஎஸ்எல் அனுபவம்

சித்தப்பா ஃபோன் செய்தால் நெட் போய்விடும். 2008இல் டிஎஸ்எல், அதாவது ஃபோன் கம்பி வழியாகவே வரும் இணைய இணைப்பு, வாங்கிய முதல் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் இதே கதைதான். மணி அடித்ததும் மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டத் தொடங்கும், பாதி போன ஃபைல் அறுந்துவிடும். மயிலாடுதுறைப் பக்கம் வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கிறேன். புத்தகப் பக்கங்களை வடிவமைத்துச் சிவகாசி அச்சகத்துக்கு பிடிஎஃப் அனுப்பினால்தான் காசு.

காரணம் பின்கட்டில் இருந்தது. ஒரே செம்புக் கம்பியில்தான் பேச்சும் இணையமும் போகின்றன. பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதி போதும். இணையம் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுகிறது. இரண்டையும் பிரித்துவிடுவது ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டி. மோடம் பக்கம் அது இருந்தது. ஆனால் அம்மாவுக்காகப் பின்கட்டுக்கு இழுத்திருந்த எக்ஸ்டென்ஷன் ஃபோன் ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே பிரிந்து நேராகப் போயிருந்தது. அந்த ஃபோனுக்கும் ஒரு ஃபில்டர் வாங்கி மாட்டினேன். அன்றோடு தீர்ந்தது.

அப்போதிலிருந்துதான் இந்தக் கம்பியைக் கவனிக்க ஆரம்பித்தேன். திட்டத்தில் எத்தனை எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறார்கள் என்பதைவிட, டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நம் வீடு எவ்வளவு தூரம், வழியில் கம்பி எப்படி இருக்கிறது என்பதுதான் டிஎஸ்எல்லில் பெரிய விஷயம். டிஎஸ்எல்லில் ஒரு வகையான ஏடிஎஸ்எல்2+ முறையில் 24 எம்பிபிஎஸ் வரை போகலாம் என்பது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கான கணக்கு. நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் இணைப்பு நிற்பதே பாடு. எங்கள் வீடு இரண்டரை கிலோமீட்டர். நான் வாங்கிய 2 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு அது தாராளம்.

உங்கள் லைன் எப்படி என்று நீங்களே பார்க்கலாம். பிரவுசரில் மோடத்தின் முகவரியைத் தட்டினால் (பெரும்பாலும் 192.168.1.1) லைன் நிலவரம் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். அட்டெனுவேஷன் என்பது வழியில் சிக்னல் எவ்வளவு தேய்ந்து வருகிறது என்று சொல்வது. அது குறைவாக இருக்க வேண்டும். எனக்கு 34 டெசிபல். எஸ்என்ஆர் மார்ஜின் என்பது இரைச்சலைத் தாண்டிக் கையிருப்பு எவ்வளவு என்பது. அது கூடுதலாக இருக்க வேண்டும். 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். வெயில் காலத்தில் எனக்கு 15 இருக்கும். அந்த இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

அந்த நோட்டு ஐப்பசி மழையில் கைகொடுத்தது. ஒரு தீபாவளி வாரத்தில் மார்ஜின் 15லிருந்து 4க்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர் சேவையில் மூன்று நாளும் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். லைன்மேன் வந்ததும் நோட்டைக் காட்டினேன். பார்த்தவர் மோடத்தைத் தொடவே இல்லை. “லைன்லதான் இருக்கு தம்பி, ஏணி இருக்கா?” என்று கேட்டுக் கம்பத்தில் ஏறினார். முறுக்கி டேப் சுற்றியிருந்த ஒரு ஜாயின்ட்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே தண்ணீர் கோத்து, செம்பு முழுக்கப் பச்சையாகக் களிம்பு. நான்கு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக இணைத்ததும் 14க்கு ஏறியது. அப்புறம் அவரிடமே கற்றுக்கொண்ட ஒன்று: ஃபோனை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்றதும் நிசப்தமாக இருக்க வேண்டும். கரகரவென்று கேட்டால் கோளாறு வெளியே லைனில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வேலைக்காக வாங்குபவர்கள் அனுப்பும் வேகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏடிஎஸ்எல்லில் முதல் எழுத்தான ‘ஏ’ சொல்வதே வருவதும் போவதும் சமமில்லை என்பதைத்தான். எனக்கு அனுப்ப 512 கேபிபிஎஸ். அது கிலோபிட், எட்டால் வகுத்தால் விநாடிக்கு 64 கிலோபைட். 60 எம்பி புத்தகம் போக கணக்குப்படி 16 நிமிடம், நடப்பில் இருபதை நெருங்கும். அந்த நேரம் முழுக்க வேறு எந்தப் பக்கமும் திறக்காது. அனுப்பும் பாதை நிரம்பிவிட்டால், நாம் கேட்கும் பக்கத்துக்கான கோரிக்கையும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். ஃபைல் அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவில் அனுப்பும் வேகத்துக்கு 45 கிலோபைட் என்று வரம்பு போட்டேன். ஃபைல் போக ஐந்தாறு நிமிடம் கூடியது, ஆனால் வீட்டில் மற்றவர்களும் நெட் பார்க்க முடிந்தது.

பெரிய மென்பொருள் எதையாவது இறக்க வேண்டுமென்றால் அலாரம் வைத்து எழுந்திருப்பேன். இரவு 2 மணி முதல் காலை 8 வரை பயன்பாடு கணக்கில் வராத திட்டம் அது.

மின்வெட்டுக் காலத்தில் இந்த இணைப்பு எனக்குப் பெரிய துணை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி உண்டு, கம்பிக்கு நடுவில் கரண்ட் தேவைப்படும் கருவி எதுவும் இல்லை. 12 வோல்ட் மோடத்தையும் லேப்டாப்பையும் இன்வெர்ட்டரில் போட்டு, 2012இல் நாள் முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்தபோதும் வேலை முடித்திருக்கிறேன். இடி இடித்தால் மட்டும் மோடத்திலிருந்து ஃபோன் வயரை உருவிவிட வேண்டும். ப்ளக்கை மட்டும் பிடுங்கி வயரை விட்டதில் ஒரு மோடம் கருகியது.

2020இல் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்தது, மாறிவிட்டேன். 60 எம்பி ஃபைல் இப்போது ஒரு நிமிடத்துக்குள் போகிறது. ஃபைபர் கிடைக்கிற இடத்தில் யாரும் டிஎஸ்எல் வாங்க வேண்டாம். கிடைக்காத இடத்தில், தூரம் மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

அக்கா வீட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் இன்னும் டிஎஸ்எல்தான். போன வாரம் அவர் கடை ஃபோனை எடுத்து ஓர் எண்ணை அழுத்திப் பார்த்தேன். கரகரவென்றது. மோடம் மாற்ற எடுத்து வைத்திருந்த பணத்தை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, லைன்மேனுக்கு ஃபோன் போட்டோம்.