மாதுளை மரத்தடியிலிருந்து மால்டா வரை: ஆறு வார இணைய வகுப்பு ஒன்றைப் பற்றி

இந்திய முஸ்லிம் சமூகத்தின் மறுமலர்ச்சிச் சிந்தனைகள் குறித்துத் தமிழில் நடத்தப்படும் ஆறு வார இணைய வகுப்பு ஒன்றில், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு சேர்ந்தேன். கட்டணம் 1,200 ரூபாய். ஞாயிறுதோறும் இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பின் ஒன்றரை மணி நேரம் ஜூமில் பாடம். நடத்துபவர்கள் சிறு குழுவினர் என்பதாலும், குறைகளையும் எழுத வேண்டியிருப்பதாலும் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதல் வாரம் ஷா வலியுல்லாஹ்வைப் பற்றியது. குர்ஆனைப் பாரசீகத்தில் பெயர்த்த அந்த டில்லி அறிஞரைக் குறித்து ஓரளவு படித்தவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம், வட இந்தியாவின் தேவ்பந்து ஊரில் உருவான புகழ்பெற்ற மத்ரஸாவுக்கு (மார்க்கக் கல்விக்கூடம்) வந்தபோதுதான் கொடுத்த பணம் வீணாகவில்லை என்று தோன்றியது. 1857 கிளர்ச்சி நசுக்கப்பட்டு டில்லியின் கல்வி மையங்கள் சிதைந்த பின், 1866 மே மாதம் சத்தா பள்ளிவாசலின் மாதுளை மரத்தடியில் முல்லா மஹ்மூத் என்ற ஓர் ஆசிரியரும் மஹ்மூத் ஹசன் என்ற ஒரு மாணவரும் பாடத்தைத் தொடங்கிய கதை பலரும் கேட்டதே. எங்கள் வகுப்பாசிரியர் கதையோடு நிற்காமல், அந்த மத்ரஸா ஆண்டுதோறும் அச்சிட்ட அறிக்கையின் பக்கம் ஒன்றைத் திரையில் காட்டினார். நன்கொடையாளர்களின் பெயர், தொகை, மாணவர்களின் உணவுக்கும் நூலகத்துக்கும் வந்தவை என எல்லாம் வரிசையாக அச்சாகியிருந்தன; எத்தனை சிறிய தொகையானாலும் பெயர் விடுபடவில்லை. தனி வகுப்பறை, சம்பளம் பெறும் ஆசிரியர், எழுத்துத் தேர்வு, அஞ்சலில் வரும் சந்தா ஆகிய ஏற்பாடுகள் ஆங்கிலேயர் ஆட்சிக்காலக் கல்விநிலையங்களின் நடைமுறையைச் சார்ந்தவை என்று அவர் விளக்கினார். பழமையின் கோட்டை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது நிர்வாக முறையில் அத்தனை புதுமையானது என்பதை அந்த ஒரு பக்கமே உணர்த்திவிட்டது.

நிலையான வருமானம் வந்துவிட்டால் இறைவனிடம் அஞ்சிக் கேட்கும் மனநிலை போய்விடும், அரசும் செல்வந்தர்களும் நிர்வாகத்தில் பங்கேற்பது தீங்கு என்ற, தேவ்பந்து நிறுவனர்களில் ஒருவரான காசிம் நானோத்தவியின் விதிகளை, மூன்றாம் வாரம் சர் சையத் அகமது கான் அலிகாரில் தொடங்கிய நவீனக் கல்லூரியின் நிதி ஏற்பாட்டோடு எதிரெதிரே வைத்தது நல்ல உத்தி. சர் சையத் அரசு மானியத்தையும் ராஜாக்களின் கொடையையும் தயங்காமல் பெற்றார். நிதிக்காக மேடையேறவும் கூச்சப்படவில்லை. 1875இல் பள்ளியாகத் தொடங்கிய அவருடைய முயற்சி 1920இல் பல்கலைக்கழகமானது. இடையில், இறைமறையையும் இயற்கை விதியையும் இசைவித்துப் பேசியதற்காக அவருக்கு எதிராக மக்காவிலிருந்துகூட ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வந்தது. இருவருக்கும் இடையிலான வேறுபாட்டை இஜ்திஹாத் (சுயமாக ஆய்ந்து முடிவெடுத்தல்), தக்லீத் (முன்னோர் முடிவைப் பின்பற்றுதல்) என்ற இரு சொற்களில் அடக்கிவிடாமல், யாருடைய பணத்தில் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு நடத்துவது என்ற கேள்வியாக மாற்றியதே இந்த வகுப்பின் சிறப்பு என்பேன்.

நான்காம் வாரத்தை மட்டும் மூன்று முறை கேட்டேன். நானோத்தவி 1880இல் மறைந்தபோது சர் சையத் அவரை மனமாரப் புகழ்ந்து இரங்கல் எழுதினார் என்பதையும், நானோத்தவியின் மருமகன் அப்துல்லாஹ் அன்சாரியே அலிகார் கல்லூரியில் மார்க்கக் கல்விப் பொறுப்பை ஏற்றார் என்பதையும் நான் அறிந்திருக்கவில்லை. மாதுளை மரத்தடியின் முதல் மாணவரான அதே மஹ்மூத் ஹசன், ஆங்கிலேயரால் மால்டா தீவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறைவைக்கப்பட்டுத் திரும்பி, 1920 அக்டோபர் 29 அன்று நோயுற்ற உடலோடு அலிகாருக்கு வந்து ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா என்ற கல்வி நிறுவனத்தைத் தொடங்கிவைத்தார். அவருடைய உரையை வேறொருவர் படித்தார். தம் வேதனையில் பங்குகொள்பவர்கள் மத்ரஸாக்களையும் கான்காக்களையும் (சூஃபி மடங்கள்) விடப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மிகுதியாக இருப்பதைக் கண்டதாக அதில் சொல்லியிருந்தார். ஆசிரியர் அந்த வரியை உருதுவில் வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அரட்டைப் பெட்டியிலும் யாரும் எதுவும் எழுதவில்லை. அடுத்த மாதமே மஹ்மூத் ஹசன் காலமானார்.

அதன் பிறகு தரம் சரிந்தது. ஐந்தாம் வாரத்தில் லக்னோவின் நத்வா மத்ரஸாவையும், அலிகாரில் கற்பித்துவிட்டுப் பின்னர் அங்கே போன அறிஞர் ஷிப்லி நுஃமானியையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, மீதியை இன்றைய அரசியலில் செலவிட்டார்கள். பெண்கல்விக்குக் கிடைத்தது ஐந்தே நிமிடம். சர் சையத் பெண்களுக்கான பள்ளிகளுக்கு முன்னுரிமை தரவில்லை என்பதும், 1906இல் ஷேக் அப்துல்லாஹ்வும் அவருடைய மனைவி வஹீத் ஜஹானும் அலிகாரில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள் என்பதும் சீர்திருத்தம் என்ற சொல்லையே உரசிப் பார்க்க வேண்டிய இடங்கள். தமிழில் நடக்கும் வகுப்பில் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மத்ரஸாவும், 1919இல் எழுந்த வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும் ஒரு வரிகூடப் பெறாததை ஆறாம் வாரக் கேள்வி நேரத்தில் எழுதிக் கேட்டேன். நேரமில்லை என்றார்கள்.

ஒலித்தரம் சுமார்தான், இரண்டு முறை இணைப்பு அறுந்தது. பதிவுகளை மூன்று மாதம் கேட்கலாம் என்பது வசதி. தனி வாரங்களுக்கு மட்டும் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு இல்லை. அது இருந்தால் இரண்டு முதல் நான்கு வரை மட்டும் வாங்கச் சொல்லியிருப்பேன்.