வெப்ப எச்சரிக்கையை அடக்கிவிட்டு "சரிசெய்துவிட்டோம்" என்பவர்கள்: கவனம் தேவை

நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணிக்கும் பொறுப்பை வெளி நிறுவனத்திடம் விட்டிருப்பவர்கள், அவர்கள் முடித்துவைத்த வெப்பநிலை டிக்கெட்டுகளை (கோளாறுப் பதிவுகளை) இன்றே திறந்து பாருங்கள். எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம்.

அலுவலகக் கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் ஒன்று பழுதானதால், அதற்கு மாற்றாக அந்த நிறுவனமே வேறொன்றைக் கொண்டுவந்து ரேக்கில் பொருத்தியது. அன்றே, உள்ளே இழுக்கப்படும் காற்றின் வெப்பநிலை வரம்பைத் தாண்டிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. அந்தக் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் பரிந்துரை. அதே ரேக்கின் மற்ற சாதனங்கள் அந்த அளவுக்குள்தான் இருந்தன. புதியது மட்டும் 40-ஐத் தொட்டது. "சென்சார் பழுது, பொருட்படுத்த வேண்டாம்" என்ற குறிப்போடு டிக்கெட் மூடப்பட்டது. எச்சரிக்கையும் நின்றுபோனது.

பிறகு ஒரு நாள், வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில், ஸ்விட்ச் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்தது. அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இணைப்பு இல்லை.

கண்காணிப்பு மென்பொருளின் மாற்றப் பதிவைக் கேட்டு வாங்கினோம். டிக்கெட் மூடப்பட்ட அதே நாளில் எச்சரிக்கை வரம்பை உயர்த்தியிருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்சார் பழுது என்றதும் பொய். பழுதான சென்சார் பெரும்பாலும் தனியாகத்தான் உளறும்: திடீரென்று பூஜ்யம் காட்டும், அல்லது ஒரே எண்ணில் உறைந்து நிற்கும். எங்கள் வரைபடத்திலோ சிப்பின் வெப்பம், ஒளியிழைக் கேபிள்களை இணைக்கும் ஆப்டிகல் மாட்யூல்களின் வெப்பம், மின்விசிறியின் வேகம் மூன்றும் சேர்ந்தே ஏறியிருந்தன. சென்சார் தகவல்களுக்காக 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3433 தரத்தைப் பின்பற்றும் சாதனம், அளவோடு சென்சாரின் நிலையையும் எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு நெறிமுறை வழியே சொல்லும். எங்கள் ஸ்விட்ச் கடைசிவரை "சரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

உண்மைக் காரணம் காற்றின் திசை. ஒரே மாடல் ஸ்விட்ச் இரண்டு விதமாக வருவதுண்டு: கேபிள் செருகும் போர்ட் பக்கமிருந்து காற்றை இழுப்பது, போர்ட் பக்கம் காற்றை வெளியேற்றுவது. எங்கள் ரேக்குக்குப் பொருந்தாத வகையை மாட்டியதால், மற்ற சாதனங்கள் வெளியேற்றும் சூடான காற்றையே அது சுவாசித்துக்கொண்டிருந்தது. தவறான பொருளைப் பொருத்தியவர்கள், அதைக் காட்டிக்கொடுத்த எச்சரிக்கையின் வாயையும் பொத்தினார்கள். அதற்குமேல், ஏசியின் திறன் போதவில்லை என்று புதிய ஏசிக்கு விலைப்பட்டியலும் அனுப்பினார்கள்! எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

இழப்பீடு கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள். டிக்கெட் எவ்வளவு விரைவில் மூடப்பட்டது என்பதை மட்டுமே அது அளக்கிறது. கோளாறு தீர்ந்ததா என்று கேட்பதே இல்லை. இப்படி எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் எச்சரிக்கையை அடக்குவதுதான் அவர்களுக்கு லாபம். கையெழுத்திடும் முன் இந்தப் பகுதியை மாற்றச் சொல்லுங்கள். வரம்பைத் தொட உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்றும், எச்சரிக்கையின் நகல் நேரடியாக உங்களுக்கும் வர வேண்டும் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள்.

மாற்றுச் சாதனம் வந்தால் காற்றின் திசையை நீங்களே பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் மின்விசிறிக் கைப்பிடியின் நிறத்தாலோ அம்புக்குறியாலோ அதைக் காட்டுகிறார்கள். குழப்பமாக இருந்தால் போர்ட் பக்கம் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்தால் போதும், ஒட்டிக்கொள்கிறதா விலகுகிறதா என்று தெரிந்துவிடும்.