பழைய பைக்கில் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

பத்து வருஷம் தாண்டிய 150 சிசி வண்டியில் செல்ஃப் படுத்தினால் முதலில் காசு போவது பேட்டரிக்குத்தான். புதுசு போட்டதும் இரண்டு மாசம் ஜம்மென்று எடுக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. களிம்பேறிய எர்த் வயரின் (பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் வயர்) குறையைப் புது பேட்டரியின் தெம்பு மூடி மறைப்பதுதான் காரணம்.

பட்டனை அமுக்கியதும் வரும் சத்தமே பாதி விடை. ‘டகடகடக’ என்று அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லை டெர்மினல் லூஸ். ஒரே ஒரு ‘டக்’ வந்து நின்றால் ரிலே (பட்டனை அமுக்கியதும் மோட்டாருக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்), கேபிள், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் மூன்றில் ஒன்று. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், கிளட்ச் சுவிட்ச், ஹேண்டில் பட்டன். ‘சர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால், மோட்டார் சுற்றை இன்ஜினுக்குக் கடத்தும் ஒன்வே கிளட்ச்.

பேட்டரியைச் சும்மா அளந்து 12.6 வோல்ட் இருக்கிறது, நல்ல பேட்டரி என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தப்பு. லோடு ஏறும்போது அளக்க வேண்டும். நியூட்ரலில் போட்டு, பிளக் கேப்பைக் கழற்றி அதில் வேறொரு பிளக்கைச் செருகி, அது இன்ஜின் மேல் படும்படி வையுங்கள். கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டு சுற்றினால், பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் சிடிஐ யூனிட்டுக்கு ஆகாது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரியின் இரு முனையிலும் பிடித்துக்கொண்டு 3 செகண்ட் பட்டனை அமுக்குங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி மேல் பழி போட வேண்டாம். 8க்கு விழுந்தால் சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள்; 9 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரிக்கு 0.9 ஆம்பியர் போதும். முழுசாக ஏற்றிய பிறகும் விழுந்தால் அதன் ஆயுசு முடிந்தது.

பேட்டரி தாங்குகிறது, ஆனாலும் இன்ஜின் முக்கி முக்கிச் சுற்றுகிறதா? மீட்டரின் சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்திலும், கறுப்பை பேட்டரி மைனஸிலும் வைத்து பட்டனை அமுக்குங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அடுத்து பேட்டரி பிளஸ்ஸிலிருந்து மோட்டார் போல்ட் வரை: 0.5க்குள் இருக்க வேண்டும். இதில் பட்டனைத் தொடும் முன்பே 12 காட்டும், பயப்படாதீர்கள். மோட்டார் சுற்றும்போது வரும் எண்தான் கணக்கு.

எர்த் வயரை வெளியே பார்த்து ஏமாறக் கூடாது. வயர் நுனியில் உள்ள வளையத்தை ஒட்டி ஒரு அங்குலம் ரப்பரைக் கீறுங்கள். செம்பு பளபளக்காமல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் வயரையே மாற்றுங்கள். 10 சதுர மி.மீ. தாராளம். போல்ட் உட்காரும் இடத்தை எமரி போட்டுத் தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுக்கு நடுவே, சுற்றும்போது, 0.2க்கு மேல் விழுந்தால் உள்ளே காண்டாக்ட் கரிந்திருக்கிறது. தேய்த்து ஓட்டுவது ஒரு மாச வைத்தியம், புதுசே போடுங்கள். ஹேண்டில் பட்டனைத் திறக்கும்போது மேலே துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங் தெறித்தால் கிடைக்காது.

மோட்டாரைக் கழற்றினால் பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறதா, பிரஷ் உரசும் செம்பு உருளையான காமுடேட்டரின் இடுக்கில் கரித்தூள் அடைத்திருக்கிறதா பாருங்கள். ஓ-ரிங்கைத் திரும்பப் போடாதீர்கள், ஆயில் கசியும்.

இவ்வளவும் செய்து சார்ஜிங்கைப் பார்க்காமல் விட்டால் வீண். 4000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 15ஐத் தாண்டினால், சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பேட்டரியை வேகவைக்கிறது என்று அர்த்தம். தினமும் தெருமுனைக் கடைவரை மட்டும் ஓடும் வண்டியில், செல்ஃப் எடுத்த சார்ஜே திரும்ப ஏறாது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குக் கிக்கரைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்வே கிளட்ச் வேலை வீட்டில் வேண்டாம். கார் ஆயில் ஊற்றிய வண்டியா என்று மட்டும் பாருங்கள். ஜாசோ எம்ஏ2 என்று போட்ட பைக் ஆயிலுக்கு மாறியதும் சில வண்டியில் வழுக்கல் குறையும். குறையாவிட்டால், அந்தக் கிளட்சை மறைத்திருக்கும் மேக்னெட் சக்கரத்தைக் கழற்ற வேண்டிவரும். அதற்குப் புல்லர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் மட்டும் விடுங்கள். சுத்தியால் தட்டிக் கழற்றினால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் பெயர்ந்து, சார்ஜிங் காயிலையும் சேர்த்துக் கிழித்துவிடும்.