ஜீப்பின் பிரேக்கை மிதிக்கும் பெட்டி: பல வருடம் பழகியபின்

மோட்டார்ஹோமுக்கு (வீட்டு வசதியோடு கட்டிய பெரிய வண்டி) பின்னால் நாங்கள் இழுத்துப்போகும் ஜீப்பின் பிரேக் பெடலைத் தானாக மிதிக்கும் பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. அது நன்றாகப் பிரேக் போடுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போகச் சொல்ல மனசு வராது. ஜீப்பின் முன்சக்கர ரோட்டரையும் (பிரேக் தட்டு) பேடையும் (அதை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றிய பில் இன்னும் மேசைமேல் கிடக்கிறது. இந்த நேரம் பார்த்து டல்லாஸ் நண்பர், "நீங்க வச்சிருக்கிற அதே பெட்டிதான், விலை இறங்கியிருக்கு, வாங்கிடலாமா?" என்று கேட்கிறார். அவருக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது.

என்னுடையது ஃபோர்டு எஃப்-53 சேஸியில் கட்டிய பெட்ரோல் மோட்டார்ஹோம், சுமையோடு சேர்த்து 20,500 பவுண்டு வரை போகும் வகை. பின்னால் டோ பாரில் (இரண்டு வண்டியையும் இணைக்கும் இழுவைக் கம்பி) ஒரு ஜீப் ராங்லர், நான்கு சக்கரமும் தரையில் உருளும். இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலில், கியர் பார்க்கில். டோ பார் மாட்டும் ஹிட்ச்சில் 5,000 பவுண்டு என்று ஒட்டியிருப்பதைக் காட்டி, "அதான் தாங்குதே, அப்புறம் எதுக்குத் தனி பிரேக்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஹிட்ச் சொல்வது இழுக்கும் கணக்கு. நிறுத்தும் கணக்கு வேறு. மோட்டார்ஹோமின் பிரேக்கை 20,500 பவுண்டுக்கு அளவெடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். பின்னால் வரும் 4,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஜீப் தன் சொந்த பிரேக்கில் நிற்க வேண்டும். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: பல மாநிலங்களில் 3,000 பவுண்டிலேயே பிரேக் கேட்பார்கள், டெக்சாஸில் 4,500. எல்லை தாண்டினால் ஜீப்பின் எடை மாறப்போவதில்லை என்பதால் நான் இந்தப் பட்டியலைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று நண்பருக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டுநர் சீட்டுக்கு முன்னால் தரையில் உட்காரும். சீட்டை முன்னே தள்ளி அதன் முதுகில் முட்டுக்கொடுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கை நீண்டு பிரேக் பெடலைக் கவ்விக்கொள்ளும். மின்சாரம் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து. ஜீப்பின் இன்ஜின் ஓடாததால், பெடலை இலகுவாக்கும் பூஸ்டரில் வேக்குவம் (வெற்றிடம்) இருக்காது, பெடல் கல்லாக இருக்கும். ஆனால் முதல் சில மிதிகளுக்கு மிச்சமிருக்கும் வேக்குவம் உதவிக்கு வந்துவிடும். அதனால் பெடலைப் பலமுறை மிதித்து அதை வடித்துவிட்டுத்தான் பெட்டியை அளவு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு தப்பும். மழையில் கேம்ப் கிரவுண்டை விட்டுக் கிளம்பும்போது, ஒரு கால் ஜீப்புக்கு வெளியே சேற்றில், மறு கால் பெடலில் என்று இதைச் செய்து பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் தூக்கிப் பின்னால் போட்டு, சீட்டைப் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும். எங்கள் வீட்டில் நான் தள்ளும் இடம் ஒருநாளும் பழைய இடமாக இருந்ததில்லை என்று ஒரு கட்சி இருக்கிறது.

இதெல்லாம் பழகிவிடும். உண்மையில் பழகிவிட்டது.

அது தன் விலையைச் சம்பாதித்த நாளும் உண்டு. ஹூஸ்டனுக்கு மேற்கே ஐ-10 நெடுஞ்சாலையில், முன்னால் போன பிக்கப்பிலிருந்து ஒரு ஏணி சரிந்து நடுவில் விழுந்தது. காலை முழுதாக அழுத்தினேன். மோட்டார்ஹோம் மூக்கைத் தாழ்த்தி, கோடு மாறாமல் நேராக நின்றது. பின்னாலிருந்து ஒரு தள்ளல் இல்லை, டோ பார் முறுக்கவில்லை. தனி பிரேக் இல்லாமல் ஒரு காரை இழுத்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் பின்புறத்தைப் பிடித்து யாரோ தள்ளுவது போலிருக்கும். அந்த ஏணி விஷயத்தில் நான் பெட்டிக்குக் கடன்பட்டவன். டோ பார் கழன்று ஜீப் தனியே போனால் மோட்டார்ஹோமோடு கட்டியிருக்கும் பிரேக்அவே கேபிள், பின் என்ற சிறு ஊசியைப் பிடுங்கி, பெட்டி பெடலை அழுத்திப் பிடித்துவிடும். கிளம்புமுன் பின்னைக் கையால் இழுத்துப் பார்ப்பேன், ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இந்தப் பெட்டிக்கு நான் பிரேக்கை மிதித்தேனா இல்லையா என்பது தெரியாது. உள்ளே ஓர் இனர்ஷியா சென்சார் இருக்கிறது. வேகம் குறைவதை அது உணர்ந்தால், "பிரேக் போட்டிருக்கிறார்" என்று முடிவு செய்து பெடலை அமுக்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் நிற்பவர், உடம்பு குலுங்குவதை வைத்து டிரைவர் பிரேக் போட்டாரா பள்ளத்தில் இறக்கினாரா என்று சொல்வது மாதிரிதான். பெரும்பாலும் சரியாகச் சொல்வார். தப்பாகச் சொல்லும் நேரங்களுக்கு ஜீப்பின் பேட் விலை கொடுக்கும்.

லூசியானாவில் அட்சஃபலாயா சதுப்பு நிலத்தின்மேல் ஐ-10 ஒரு பாலமாகப் போகிறது, சுமார் 18 மைல். கான்கிரீட் பலகைகளின் இணைப்புகளில் வண்டி தடக் தடக் என்று குதித்துக்கொண்டே போகும். டாஷ்போர்டில் நான் ஒட்டிவைத்த மானிட்டர், பெட்டி பெடலைத் தொடும்போதெல்லாம் பீப் என்கும், சிவப்பு விளக்கு எரியும். அந்தப் பாலத்தில் நான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவேயில்லை, அது பாட்டுக்குப் பீப், பீப். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் பீப் குறைகிறது. ஆனால் அடுத்த ஊரில் சிக்னலுக்கு மெதுவாக நிறுத்தும்போது ஜீப் பிரேக்கே போடாமல் முதுகில் வந்து சாய்கிறது. கூட்டினால் மறுபடி பாலம். நல்ல சாலைக்கு ஓர் அளவு, மோசமான சாலைக்கு ஓர் அளவு என்று வைத்துக்கொள்ள, சாலை என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டா வருகிறது?

பாலமாவது காதுக்குத்தான் கேடு. மலை இறக்கம் அப்படியில்லை. கொலராடோவில் ஐ-70இல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. மேற்குப் பக்கம் வெளியே வந்தால் சில்வர்த்தோர்ன் வரை ஒரே இறக்கம், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்கத் தனிப் பாதை வெட்டி வைத்திருக்கும் இறக்கம். அங்கே செய்ய வேண்டியதைத்தான் செய்தேன்: இறக்கத்தில் கியரைத் தாழ்த்திப் பிடிக்கும் டோ/ஹால் மோடு, கீழ் கியர், இன்ஜினே வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டது. பிரேக்கை அவ்வப்போதுதான் தொட்டேன். ஆனால் இன்ஜின் பிடிப்பதும் வேகம் குறைவதுதானே? பெட்டி அதையும் என் காலின் வேலை என்று எடுத்துக்கொண்டு, பெடலை அமுக்குவதும் விடுவதுமாகவே இறங்கியது. கீழே போய் நிறுத்தியபோது முன்சக்கரங்களிலிருந்து கருகிய வாடை. இப்போது மெக்கானிக் ரோட்டரின் நீலம் பாய்ந்த பகுதியைக் காட்டி, "இது சூட்டினால் வந்தது" என்றார். நியாயமாகப் பார்த்தால் பேடுகளும் பழையவைதான், ஜீப்பைத் தனியாகவும் நிறைய ஓட்டியிருக்கிறோம், எல்லாப் பழியையும் பெட்டிமேல் போட முடியாது. முக்கால் பங்கைப் போடுவேன்.

ஆகவே நண்பரே, விலையையும் பிராண்டையும் பார்க்குமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் கருவி எதைக் கேட்டு பிரேக் போடுகிறது? டீசல் மோட்டார்ஹோமாக, ஏர் பிரேக்காக இருந்தால் யோசனையே வேண்டாம். ஏர் ஃபோர்ஸ் ஒன் போன்ற பிரேக் கருவிகள் மோட்டார்ஹோமின் ஏர் பிரேக் லைனிலேயே கிளை எடுக்கின்றன. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்களோ அவ்வளவு காற்று அங்கேயும் போகும், ஊகத்துக்கு வேலையில்லை. உங்களுடையதும் என்னுடையது போல ஹைட்ராலிக் பிரேக் (திரவ அழுத்தத்தில் இயங்குவது), அந்தக் கதவு மூடியது. ரெடி ப்ரூட் வகையில் டோ பாரே பிரேக் போடும். ஜீப் முன்னால் வந்து முட்டும்போது ஒரு கேபிள் பெடலை இழுக்கும். கரண்ட் வேண்டாம், எளிமை. ஆனால் இறக்கத்தில் இன்ஜின் பிடிக்கும்போதும் ஜீப் முட்டத்தான் செய்யும். ஸ்டே இன் ப்ளே டுயோ மாதிரி ஜீப்புக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிப்பவை, மோட்டார்ஹோமின் பிரேக் லைட் எரிகிறதா என்றும் பார்க்கும், வேகம் குறைகிறதா என்றும் பார்க்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பெடல் அசையும். பாலமும் மலையும் அதை ஏமாற்ற முடியாது. கூடவே ஒரு வேக்குவம் பம்ப் பூஸ்டரை உயிரோடு வைத்திருப்பதால் பெடல் கல்லாகவும் இருக்காது. பதிக்கக் கூலி கணிசமாக ஆகும், காரை மாற்றினால் கழற்றி மறுபடி பதிக்க வேண்டும். எதை வாங்கினாலும் மோட்டார்ஹோமிலிருந்து ஜீப்பின் பேட்டரிக்கு ஒரு சார்ஜ் லைன் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பெடல் அமுங்கும்போதெல்லாம் ஜீப்பின் பிரேக் லைட்டும் எரிந்து பேட்டரி வடிந்து, சாயங்காலம் ஜீப் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்.

என் பதில்: வாங்க வேண்டாம். ஏணி விழுந்த அன்று கேட்டிருந்தால் இரண்டு வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன், ஆனால் நீங்கள் கேட்டது இந்த வாரம். உங்கள் காரை இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், பதிக்கும் வகையையே போடுங்கள்.

நான் மாற்றப்போவதில்லை. ராங்லரை விற்றுவிடலாம் என்ற பேச்சு வீட்டில் ஓடுகிறது, விற்கப்போகும் வண்டியில் யார் கூலி கொடுத்துப் பதிப்பது? பெட்டியைத் தூக்கி அடுத்த காரில் வைத்துக்கொள்ளலாம், இந்த ஒரு விஷயத்தில் அதை மிஞ்ச எதுவுமில்லை. அடுத்த மாதம் நியூ மெக்சிகோ போகிறோம், அதே பெட்டியோடுதான். சென்சிட்டிவிட்டியை ஒரு படி குறைத்துவிட்டேன், மானிட்டரின் ஒலியையும்.