அணையாத பிரேக் விளக்கும் தெருமுனைப் பட்டறையும்

2004-இல் வாங்கிய எங்கள் காரின் பிரேக் விளக்குகள் சாவியை எடுத்த பிறகும் எரிந்து, ஒரே இரவில் பேட்டரியைத் தீர்த்துவிட்டன. 21 வாட் பல்புகள் இரண்டுதான், ஆனால் அதுவே போதுமாம். முதலில் பார்த்த பட்டறையில் ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியனோ, பிரேக் மிதிக்கு மேலுள்ள சுவிட்சின் முளையை விரலால் அழுத்தினார். விளக்கு உடனே அணைந்தது. மிதியில் அந்த முளை முட்டி நிற்க வேண்டிய சிறு ரப்பர் குமிழ் வயதாகி நொறுங்கியதால், முளை அந்தக் குமிழ் இருந்த துளைக்குள் நுழைந்து, மிதி மேலே வந்த பிறகும் சுவிட்ச் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மிதியடியில் கிடந்த துணுக்குகளையும் பொறுக்கிக் காட்டினார். புதுக் குமிழைப் பொருத்தப் பத்து நிமிடம், கூலி 150 ரூபாய். ரசீதை மட்டும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.