ஆன்டிகித்தெரா இயந்திரத்தின் மர மாதிரித் தொகுப்பு: ஒரு மதிப்புரை

பழங்காலக் கருவிகளின் மாதிரிகள் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை தோற்றத்தில் மட்டுமே பழையவை. உள்ளே இருந்த சிந்தனையை விட்டுவிட்டு வெளிக்கூட்டை மட்டும் நகலெடுத்தவை. சூரியன், நிலவு, கிரகணங்கள் ஆகியவற்றின் போக்கைப் பற்சக்கரங்களால் கணித்துக் காட்டிய பழங்கிரேக்கக் கருவியான ஆன்டிகித்தெரா இயந்திரத்தை, லேசரால் வெட்டிய பிளைவுட் பாகங்களாகத் தரும் இந்தத் தொகுப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று. பற்களின் எண்ணிக்கையைக் குறைக்காமலும், சிக்கலான இணைப்புகளைச் சுலபமாக்காமலும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரேக்கக் கைவினைஞர் போட்ட கணக்கை அது அப்படியே நம் கையில் கொடுக்கிறது. உடன் வரும் கையேடுதான் இந்த உழைப்புக்கு ஈடுகொடுக்கவில்லை.

மூலக் கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1900இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் கிரேக்கத்தின் ஆன்டிகித்தெரா தீவுக்கருகே ஒரு பழைய கப்பலின் சிதைவைக் கண்டனர். அங்கிருந்து மீட்கப்பட்ட சிலைகளோடு களிம்பேறிய வெண்கலக் கட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. 1902இல் தொல்லியலாளர் வலேரியோஸ் ஸ்டைஸ் அதில் ஒரு பற்சக்கரம் இருப்பதைக் கவனித்தார். இன்று ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள 82 துண்டுகளில் எஞ்சியிருப்பவை 30 பற்சக்கரங்கள். அறிவியல் வரலாற்றாளர் டெரெக் டி சோலா பிரைஸ் ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு 1974இல் வெளியிட்ட ஆய்வும், ஆய்வாளர் மைக்கேல் ரைட் செய்த திருத்தங்களும், முப்பரிமாண ஊடுகதிர்ப் பதிவுகளின் அடிப்படையில் 2006இல் வெளியான ஆய்வும் சேர்ந்தே இதன் உள்ளமைப்பை நமக்குத் தெரியவைத்தன. இந்தத் தொகுப்பும் அந்த 2006ஆம் ஆண்டுப் புரிதலையே பின்பற்றுகிறது.

சேர்க்கும் வேலையில் முதலில் மனத்தைப் பிடித்துக்கொள்வது நிலவுக்கான சக்கரத் தொடர். முதன்மைச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் ஆண்டு. அதனுடன் சுழலும் 64 பற்கள் கொண்ட சக்கரம் 38 பற்கள் கொண்டதை ஓட்டுகிறது. அதே அச்சிலுள்ள 48 பல் சக்கரம் 24ஐ ஓட்டுகிறது. அந்த அச்சிலுள்ள 127 பல் சக்கரம் 32ஐ ஓட்டுகிறது. இவற்றைப் பெருக்கிப் பார்த்தால் 254ஐ 19ஆல் வகுத்த எண் கிடைக்கிறது. அதாவது, 19 ஆண்டுகளில் நிலவு விண்மீன்களின் பின்னணியில் 254 முறை சுற்றி வருகிறது என்ற பழைய கணக்கு. அதிலிருந்து சூரியனின் 19 சுற்றுகளைக் கழித்தால் 235 அமாவாசைகள். இந்த எண்களை நான் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் 127 பற்களைக் கொண்ட அந்தச் சக்கரத்தைக் கையில் எடுத்து, அது ஏன் 126ஆகவோ 128ஆகவோ இருக்க முடியாது என்று யோசித்தபோதுதான், 127 ஒரு பகா எண் என்பதும், 254 அதன் இருமடங்கு என்பதால் 254ஐப் பற்களாக வெட்ட நினைப்பவர் அதைத் தவிர்க்கவே முடியாது என்பதும் உறைத்தன. வட்டத்தை 127 சம பாகங்களாகப் பிரிப்பது கைக்கருவிகளை மட்டும் வைத்திருந்த ஒருவருக்கு எவ்வளவு கடினமான வேலை! அதை அவர் செய்திருக்கிறார்.

இதைவிட வியப்பானது முளையும் (சிறு குச்சி) காடியும் (நீள்துளை) சேர்ந்த அமைப்பு. நிலவு பூமிக்கு அருகில் வரும்போது விரைவாகவும் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் நகர்கிறது. இதைக் காட்ட, 50 பற்கள் கொண்ட இரு சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன; ஆனால் இரண்டின் மையங்களும் ஒன்றல்ல. மூலக் கருவியில் அந்த விலகல் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கீழ்ச்சக்கரத்தில் உள்ள சிறு முளை மேல்சக்கரத்தின் காடிக்குள் பொருந்தியிருக்கிறது. கீழ்ச்சக்கரம் சீராகச் சுற்ற, முளை காடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழுக்கிச் செல்ல, மேல்சக்கரம் ஒரு பாதியில் முந்தியும் மறுபாதியில் பிந்தியும் சுற்றுகிறது. மேல்மூடியைப் பொருத்துவதற்கு முன் கைப்பிடியை மிக மெதுவாகத் திருப்பி இந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். கைப்பிடியின் ஒரு சுற்று ஏறத்தாழ 78 நாட்களுக்குச் சமம் என்பதால், அந்த ஒரு சுற்றுக்குள்ளேயே முளை மூன்று முறைக்குச் சற்றுக் குறைவாகப் போய் வருவதைக் காணலாம். இந்த இணை 223 பற்கள் கொண்ட பெரிய சக்கரத்தின்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. கிரகணங்களைக் கணிக்கும் தொடரைச் சேர்ந்த அதே சக்கரம், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி, நிலவின் பாதை மெல்லத் திரும்புவதையும் காட்டிவிடுகிறது. ஒரே சக்கரத்துக்கு இரண்டு வேலை கொடுத்த இந்தச் சிக்கனத்தை இன்றைய இயந்திர வடிவமைப்பாளர் யாரும் தலைவணங்கிப் பாராட்டுவார். மலிவான மாதிரிகள் இந்த அமைப்பைக் கைவிட்டு நிலவைச் சீராகச் சுற்றவிட்டுவிடுகின்றன. அவ்வாறு செய்யாததற்காகவே இத்தொகுப்பைப் பரிந்துரைக்கிறேன்.

பின்புறத்தில் இரண்டு சுருள் முகப்புகள் உள்ளன. மேற்சுருள் ஐந்து சுற்றுகளில் 235 சந்திர மாதங்களையும், கீழ்ச்சுருள் நான்கு சுற்றுகளில் 223 சந்திர மாதங்களையும் காட்டுகின்றன. பின்னதுதான் கிரகணங்கள் திரும்பவரும் சுழற்சி: 18 ஆண்டுகள், 11 நாட்கள், ஏறத்தாழ 8 மணி நேரம். முள்ளின் நுனி சுருளின் பள்ளத்தைப் பின்பற்றி நகர, முள் அதற்கேற்ப நீளவோ குறுகவோ வேண்டும்; அந்த வழுக்கும் அமைப்பு மரத்திலும் நன்றாகவே வேலை செய்கிறது.

பாகங்களின் தரம் திருப்தியளிக்கிறது. மரத்தில் அவ்வளவு நுண்ணிய பற்களை வெட்ட முடியாது என்பதால் மாதிரி மூலத்தைவிடப் பெரியது. லேசர் பட்ட விளிம்புகளில் கரி படிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பற்களில் மெழுகு பூசிய பிறகே சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் தொடர் இறுகிவிடும். மூலத்தைப் போலவே முக்கோணப் பற்கள் என்பதால் முட்களில் சிறிது ஆட்டம் உண்டு. அதைக் குறையாக நான் எண்ணவில்லை.

கையேட்டைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. எந்தப் பாகத்தை எந்த ஓட்டையில் செருக வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. ஏன் என்பதைச் சொல்வதில்லை. அதைவிடப் பெரிய குறை, கிடைத்த சான்று எது, பின்னர் ஊகித்து நிரப்பியது எது என்று பிரித்துக் காட்டாதது. முன்முகப்பிலுள்ள கோள்களின் முட்களுக்கான சக்கரங்களில் பெரும்பாலானவை மீட்கப்படவே இல்லை. கல்வெட்டுப்போல் பொறிக்கப்பட்ட வாசகங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் அவற்றை மீட்டமைக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக் குழு 2021இல் ஒரு மீட்டமைப்பை வெளியிட்டது; அதுவும் ஒரு முன்மொழிவுதான். கையேட்டைப் படிக்கும் ஒருவருக்கு எல்லாமே கடலடியிலிருந்து கிடைத்ததாகத் தோன்றும்.

நாட்காட்டி வளையம் இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. தொகுப்பில் அதற்கு 365 துளைகள் உள்ளன. எகிப்திய ஆண்டின் நாட்கள் என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்த எண் அது. ஆனால் இந்த இயந்திரத்தைப் பழைய முறைகளில் வெட்டிச் செய்து யூடியூபில் காட்டிவந்த ஒரு கைவினைஞரும் அவருடைய தோழர்களும், எஞ்சிய துண்டிலுள்ள துளைகளின் இடைவெளியை அளந்து, 2020இல் 354 என்ற எண்ணை முன்வைத்தனர். அதாவது சந்திர ஆண்டு. 2024இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக வானியலாளர்கள், ஈர்ப்பலைகளை ஆராய உருவான புள்ளியியல் முறைகளைக் கொண்டு அதே துளைகளைக் கணக்கிட்டு, 354 அல்லது 355 என்பதே மிகப் பொருத்தமானது என்றனர். ஒரு பழங்காலக் கருவியைச் செய்துபார்க்கும் பொழுதுபோக்கு அறிஞர்களின் முடிவையே அசைத்திருக்கிறது. பொழுதுபோக்காளர்களுக்கான ஒரு தொகுப்பு இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. 354 துளைகள் கொண்ட மாற்று வளையம் ஒன்றை உடன் வைத்திருந்தால் வாங்குபவர் இரண்டையும் பொருத்திப் பார்த்துத் தாமே எடைபோட்டிருக்கலாம்.

பற்சக்கரங்களில் முன்பழக்கம் இல்லாதவரும் பொறுமை இருந்தால் இதைச் செய்து முடிக்கலாம். சில வார இறுதிகளை ஒதுக்க வேண்டியிருக்கும். சிறுவர்கள் தனியாகச் செய்வதற்கு உரியதன்று, பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் விகிதங்களைக் கற்பிக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. கடிகாரம் பழுதுபார்ப்பவர், இயந்திரப் பொறியியல் மாணவர், வானியல் ஆர்வலர் ஆகியோர் தயங்காமல் வாங்கலாம். கையேட்டின் வரிசைப்படியே போகாமல், ஒவ்வொரு சக்கரத்தின் பற்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, தொடர் முடியும்போது பெருக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோள்களுக்கான தட்டைக் கடைசியாகப் பொருத்துங்கள். ஒருமுறை ஒட்டிவிட்டால் முளையும் காடியும் இருக்கும் இடத்தைப் பிறகு பார்க்க முடியாது.